நானூறு மனுவும் பிளம்பர் மனுவும்

பிளம்பருக்குப் பன்னிரண்டு வருஷமாக ஒரு மனக்குறை. தையற்கடை வைத்திருக்கும் அவர் மனைவியின் அக்கா, "எங்க மாப்பிள்ளைக்கு நாலு வரி எழுத வராது" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சின்னப் பள்ளிக்கூடங்களை மூடும் மசோதா நாடாளுமன்றத்தில் முதல் வாசிப்பைத் தாண்டி, பொதுமக்களிடம் மனு வாங்கும் குழுவிடம் போனது. பிளம்பரின் மகள் படிக்கும் பள்ளிக்கும் ஆபத்து. பெற்றோரைத் திரட்டிய அக்கா, உருக்கமாக ஒரு மனு எழுதினார். நானூறு பேர் அதைப் புள்ளி பிசகாமல் பார்த்தெழுதி அனுப்பினார்கள். பிளம்பர் மட்டும் முறைத்துக்கொண்டு, "அந்த ஸ்கூல் கக்கூஸ் குழாயெல்லாம் நான் போட்டது. இன்னும் ஒரு சொட்டு ஒழுகல. எதுக்கு மூடுறீங்க?" என்று சொந்தமாக எழுதிப் போட்டார்.

குழுவிடமிருந்து பதில் வந்தது. ஒரே வாசகம் உள்ளவை எல்லாம் ஒரே மனுதானாம். ஆகவே வந்தவை மொத்தம் இரண்டு. இன்னும் மனு அனுப்ப வெள்ளிக்கிழமை வரை அவகாசம்.

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"மாப்ள, நீங்க வாயத் தெறந்தாலே எதிர்ல நிக்கிறவங்களுக்குப் பத்திக்கிட்டு வரும்ல?"

"அதுக்கு இப்ப என்ன?"

"வீடு வீடாப் போயி, ஸ்கூலை மூடுறது நல்லதுதான்னு சொல்லிட்டு வாங்க. அந்தக் கோவத்துல அவங்கவங்க சொந்தமா எழுதுவாங்க."