தண்டாயுதபாணி எடுத்த பால்குடம்

சாமியே இல்லை என்று காரைக்குடி டீக்கடைகளில் நாற்பது வருடம் வாதாடியவருக்கு வாய்த்த பெயர் தண்டாயுதபாணி. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி புற்றுநோய் வலியோடு போனதைப் பார்த்தபின், தீராத நோயாளிகளை வீடு தேடிப் போய்க் கவனிக்கும் ஒரு அறக்கட்டளையில் தொண்டராகச் சேர்ந்தார். நர்ஸ் சத்தியப்பிரியாவோடு ஊர் ஊராகப் போவார். நோயாளி படிவத்தில் ‘ஆன்மிகத் தேவை’ என்று ஒரு கட்டம் உண்டு. அதை மட்டும் நிரப்ப மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

சாக்கோட்டையில் மலையம்மாளுக்கு வயிற்றில் கட்டி. மார்ஃபின் மாத்திரைக்கு வலி அடங்கியது, தூக்கம்தான் வரவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம், போன பிறவிப் பாவம் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் அந்த அம்மாள் இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, எங்க வீட்டுக்காரவுக ஆபரேசனப்ப மாரியாத்தாளுக்குப் பால்குடம் எடுக்கிறதா நேந்துக்கிட்டேன். அவுக பொழச்சு வந்தாக. நான் எடுக்கவே இல்ல. அதான் ஆத்தா வதைக்கிறா.”

இல்லாத சாமி எப்படி வதைக்கும் என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டார்.

“உங்களுக்காக நான் எடுக்குறேன்க்கா.”

“நீங்க சாமி கும்புட மாட்டீகளே?”

“நான் எதுக்குக் கும்புடணும்? நேந்துக்கிட்டது நீங்கதானே.”

எட்டு நாள் விரதம், பீடிகூட இல்லை. பங்குனித் திருவிழாவில் மஞ்சள் வேட்டியும் தலையில் குடமுமாக வெயிலில் நடந்தவரைப் பார்த்து, டீக்கடை ஏகப்பன் கல்லாவை விட்டு ஓடி வந்தார்.

“என்னண்ணே, சாமி வந்துருச்சா?”

“வரலப்பா. ஒரு அக்காவுக்கு மருந்து கொண்டு போறேன்.”

மாலையில் மலையம்மாளின் நெற்றியில் திருநீறு பூசினார்.

“எடுத்துட்டீகளா தம்பி?”

“எடுத்தாச்சுக்கா. தார் ரோட்டுல உள்ளங்கால் வெந்துருச்சு.”

அந்த அம்மாள் சிரித்தார். அன்று விடியும்வரை தூங்கினார். நோய் குணமாகவில்லை, ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தார். ஆனால் அந்த ஒன்பது நாளும் தூங்கினார்.

படிவத்தின் அந்தக் காலிக் கட்டத்தில் ‘ஆன்மிகத் துணை: தண்டாயுதபாணி’ என்று சத்தியப்பிரியா எழுதிவிட்டார். அதை அடிக்கச் சொல்லி இவர் போட்ட சண்டை எடுபடவில்லை. “அந்தப் பால்குடத்து ஐயாவ வரச் சொல்லுங்க” என்று மற்ற வீடுகளிலும் கேட்க ஆரம்பித்தார்கள். சட்டைப்பையில் திருநீற்றுப் பொட்டலம் நிரந்தரமானது.

போன மாதம் பள்ளத்தூரில் ஒரு புது நோயாளி. கோயில் பூசாரியாக இருந்தவர். தண்டாயுதபாணி பொட்டலத்தைப் பிரித்ததும் அவர் கையை ஆட்டினார்.

“அத அங்குட்டு வைங்க. அம்பது வருசம் பூசியாச்சு. உங்களுக்குச் சீட்டாடத் தெரியுமா?”

தெரியும் என்றார். மூன்று ஆட்டமும் பூசாரியே ஜெயித்தார்.