அத்தைக்கு இடம் பார்க்கப் புதுச்சேரிக்குப் போனோம்

சென்ற தை மாதக் கடைசியில் நானும் என் மாமியாரும் புதுச்சேரிக்குப் போய் நாலு நாள் தங்கினோம். கோயில் பார்க்கவோ கடற்காற்று வாங்கவோ அல்ல. வயதான பெண்கள் சேர்ந்து வாழும் வீடு ஒன்று அங்கே இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அதைப் பார்க்கப் போனோம். இப்போது பல வீடுகளில் இந்தப் பேச்சு மெதுவாக எழ ஆரம்பித்திருக்கிறது. வெளியே சொல்லத்தான் கூச்சப்படுகிறோம். அப்படி யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

அத்தை என்றே நான் கூப்பிடும் மாமியாருக்கு எழுபத்து மூன்று வயது. பெயர் கமலம். பிறந்தது புதுச்சேரி, வாழ வந்தது சென்னை. மூன்று வருஷத்துக்கு முன் என் கணவர் இறந்தபின் புரசைவாக்கம் வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே. நான் ஒரு பெண்கள் கல்லூரியில் தர்க்கம் கற்பிக்கிறேன். தீபாவளிக்கு முன் அத்தை கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து அவரை அடுப்பங்கரைக்கும் கிணற்றடிக்கும் கடைவீதிக்கும் போகவிடாமல் நிறுத்திவிட்டேன். சமைக்க ஆள் வைத்தேன். அவர் ஜன்னலோரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மார்கழியில் ஒரு நாள் சாப்பிடும்போது, "புதுச்சேரியில லூர்து ஒரு வீடு வெச்சிருக்காளாம். நான் அங்க போயிடறேன்" என்றார். மோர் ஊற்று என்று சொல்வது போலச் சொன்னார்.

லூர்தம்மாள் அத்தையின் பள்ளித் தோழி. நான் அத்தையோடு கிளம்பியது அவரைக் கொண்டுபோய் விடுவதற்கல்ல என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த இடம் சரிப்படாது என்று அவர் நேரில் கண்டு, என்னோடு திரும்ப வேண்டும் என்பதே என் எண்ணம். குறை கண்டுபிடிப்பது எனக்குத் தொழில்.

எழும்பூரில் காலை வண்டி பிடித்தால் பதினொரு மணியளவில் விழுப்புரம். அங்கே இறங்கி வண்டி மாற வேண்டும். நடைமேடையில் நிழல் குறைவு. முட்டிவலிக்காரர்கள் இரண்டாவது மேடைக்கு நடக்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் நூற்றிருபது மைலுக்குக் கொஞ்சம் அதிகம். பிரெஞ்சுக்காரர் நிர்வாகம் போய் நாலு வருஷமாகிறது. எல்லையில் பெட்டியைத் திறந்து காட்டும் தொல்லை இப்போது இல்லை. நாங்கள் ஒரு மணிக்கு இறங்கினோம். அது தப்பான நேரம். பன்னிரண்டுக்கு மேல் அந்த ஊர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறது. மூன்றுக்கு முன் ஒரு சோடாகூடக் கிடைக்காது.

ஸ்டேஷன் வாசலில் சைக்கிள் ரிக்ஷாக்கள் இருந்தன. அத்தை அவற்றைத் தாண்டிப் போய் ஒரு புஷ் வண்டியின் பக்கத்தில் நின்றார். முன்னால் இழுக்க ஆளோ மாடோ இல்லாத வண்டி. ஆள் பின்னாலிருந்து தள்ளுவார். இருவர் உட்காரலாம். முன்னாலிருந்து ஒரு இரும்புக் கம்பி வளைந்து மடிவரை வருகிறது. வண்டிக்காரர் மாசிலாமணிக்கு ஐம்பது வயதிருக்கும். எட்டணா கேட்டார், ஆறணாவுக்கு வந்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், விழாமலிருக்கத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து.

வண்டி கிளம்பியது. நன்றாகவே போயிற்று. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, ஒரு மஞ்சள் சுவரை நோக்கிப் போயிற்று. "இவர் எங்கே போகிறார்?" என்று அத்தையைக் கேட்டேன். அதற்குள் சக்கரம் சாக்கடையில் இறங்கிவிட்டது.

"இன்னாம்மா நீங்க!" என்று பின்னாலிருந்து மாசிலாமணி கத்தினார். "நான் தள்ளத்தான் தள்ளுவேன். ஓட்டறது நீங்கதான்! எனுக்கு உங்க முதுகுதானே தெரியுது?"

அத்தை சிரித்தார். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க. மகன் போனபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "பட்டணத்துல படிச்சவங்க, மாசிலாமணி. கம்பி எதுக்குன்னு கேக்க மாட்டாங்க" என்றார். பிறகு கம்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவருக்கு இடது கண்ணில் புரை. அதைச் சொன்னேன். "வலது கண்ணு இருக்குல்ல. ஊரு இன்னா நகர்ந்தா போயிடுச்சி?" என்றார்.

வீடு மிஷன் வீதிக்கு மேற்கே ஒரு சந்தில். உயர்ந்த ஜன்னல்கள், உள்ளே முற்றம், ஆளுக்கொன்றாக மூன்று அறை. ஸ்டேஷனிலிருந்து சுமார் ஒரு மைல். லூர்தம்மாள் பிரெஞ்சுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியானவர், நிமிர்ந்து நடப்பவர். இன்னொருவர் தனபாக்கியம், மீனவர் குப்பத்தில் பிறந்து, நாற்பது வருஷம் மீன் விற்றவர். மூன்றாவது ஆள் காரைக்காலில் மகளிடம் போய்விட்டதால் ஓர் அறை காலி. மாதம் நாற்பத்தைந்து ரூபாயைப் பொதுச் செலவுக்குக் கொடுக்க வேண்டும். தண்ணீர் இறைத்துத் துணி துவைக்க மட்டும் ஆள். மற்ற வேலைகளைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். லூர்தம்மாள் கணக்கு, தனபாக்கியம் சமையல். காரைக்கால் போனவர் மார்க்கெட் பார்த்தார்.

"அந்த வேலை உனக்குத்தான், கமலம்" என்றார் லூர்தம்மாள்.

"அத்தையால் நடக்க முடியாது" என்றேன்.

"நடக்கச் சொல்லலியே மதாம், வாங்கச் சொன்னேன். வண்டி இருக்கு" என்றார் அவர். அங்கே அம்மா என்பதற்கு மதாம்.

"மீன் விற்றவங்க வீட்டிலேயே இருக்கும்போது..." என்று தனபாக்கியத்தைப் பார்த்தேன்.

"நானா? நான் போனா சண்டதான் வரும். அங்க பாதிப் பேரு எனக்குப் பாக்கி, மீதிப் பேருக்கு என்னைக் கண்டா ஆவாது" என்றார் அவர்.

அவர்கள் வழக்கம் இது: வருகிறவர் மூன்று இரவு தங்க வேண்டும். கூட வந்த சொந்தக்காரர் வீட்டில் தங்கக் கூடாது. பகலில் வந்து போகலாம். அதன்பின் வீட்டிலிருப்பவர்கள் சம்மதித்தால்தான் இடம். எனக்கு இந்த நிபந்தனை பிடிக்கவில்லை. ஆனால் ஒத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அத்தையே பெட்டியைக் கட்டச் சொல்வார் என்று நம்பினேன். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். நாளுக்கு மூன்று ரூபாய், சுத்தமான அறை, கொசு உண்டு.

அன்று மாலை எல்லோருமாகக் கடற்கரை வீதிக்குப் போனோம். அந்த ஊர்க் கடலுக்கு அவசரமே இல்லை. சில வருஷங்களுக்கு முன் புயலில் உடைந்த துறைமுகப் பாலத்தின் இரும்புக் கால்கள் தண்ணீரில் தனித்தனியே நின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பறவை. வெளிச்சம் போகப் போக, கால்கள் மறைந்து பறவைகள் மட்டும் காற்றில் நிற்பதாகத் தோன்றியது. சொல்தா என்று அங்கே அழைக்கப்படும் பழைய பட்டாளத்துக்காரர்கள், தொப்பியோடு, இரும்புக் குண்டுகளை மணலில் உருட்டி விளையாடினார்கள். ஒவ்வொருவருக்கும் எழுபதுக்குக் குறையாது. குனிய முடியாத ஒருவர் ஒரு காந்தத்தை நூலில் கட்டிக் குண்டைத் தூக்கினார். அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வீட்டுக் குளியலறைத் தரை வழவழப்பாக இருந்ததை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் குறைகளைச் சேர்த்தேன். டாக்டர் இரண்டு தெரு தள்ளி, பரவாயில்லை. முற்றத்தில் இறங்க இரண்டு படி, பிடிக்கக் கம்பி இல்லை. ராத்திரி யாருக்காவது முடியாமல் போனால்? கேட்டேன். சுவரைத் தட்டுவோம் என்றார்கள். தட்ட முடியாவிட்டால்? காலை ஆறரைக்குள் எவருடைய ஜன்னல் திறக்கவில்லையோ அவர் கதவை மற்றவர்கள் திறப்பார்கள் என்றார்கள். அதற்குள் எட்டு மணி நேரம் ஆகிவிடுமே என்றேன். "ஆகும்" என்றார் லூர்தம்மாள், மறைக்காமல்.

மூன்றாம் நாள் காலை எட்டரைக்கு அத்தை மாசிலாமணியின் வண்டியில் மார்க்கெட்டுக்குப் போனார். பத்துக்குள் வர வேண்டியவர். பதினொன்றாயிற்று. தனபாக்கியம் புளி கரைத்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். பதினொன்றரைக்கு நான் கிளம்பிவிட்டேன்.

பெரிய மார்க்கெட்டில் மீன்காரிகள் கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாளிடம் அத்தையின் அடையாளம் சொன்னேன். "புஷ் வண்டியில வந்த மாமியா? என் சங்கராவைப் பாதி வெலைக்குக் கேட்டுச்சே! குடுக்கலன்னதும் நின்னு என் குடும்பத்தையே விசாரிச்சுது. அப்பவே போயிடுச்சிம்மா" என்றார்.

வெளியே வந்தபோது பன்னிரண்டு மணி. தெருக்கள் கண்ணெதிரே காலியாயின. கடைக்காரர் ஒருவர் கடைசிப் பலகையைப் போட்டுவிட்டு உள்ளே மறைந்தார். ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே போனேன். வெள்ளைச் சுவர், மஞ்சள் சுவர், மேலே வழியும் காகிதப்பூ. என் செருப்புச் சத்தம் எனக்கு முன்னால் போய்த் திரும்பி வந்தது. ஏதோ ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு இருமல். பிறகு அதுவும் இல்லை. ஒரு நாய் தெருவின் நடுவில் நின்று என்னைப் பார்த்தது, நான்தான் வழி தவறி வந்தவள் என்பது போல. எத்தனை முறை ஒரே முனையைச் சுற்றினேன் என்று தெரியாது. மனத்தில் அத்தை விழுந்து கிடக்கும் இடங்களை ஒவ்வொன்றாகக் கண்டேன்.

கோயில் மதிலை ஒட்டிய ஒரு பூவரச மரத்தடியில் வண்டி நின்றது. மாசிலாமணி தலைக்குத் துண்டை வைத்துக் கீழே படுத்திருந்தார். அத்தை வண்டியில் சாய்ந்து, மடியில் மீன் கூடையோடு, வாய் லேசாகத் திறந்திருக்க, கண் மூடியிருந்தார். நான் ஓடிப்போய் மூக்கருகில் கை வைத்தேன். மூச்சு சூடாக, ஒழுங்காக வந்தது. சுகமான தூக்கம். சென்னையில் அவருக்கு ராத்திரித் தூக்கமே கிடையாது.

எழுப்ப வேண்டியதுதான். எழுப்பவில்லை. வெயில் நகர்ந்து கூடையின் மேல் விழுந்தது. குடையை விரித்து மீனுக்குப் பிடித்துக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் நடைபாதை ஓரத்திலேயே உட்கார்ந்தேன். இலைகளின் நிழல் என் கையில் அசைந்தது. எங்கோ மணி ஒரு தடவை அடித்தது. இரண்டாவது அடிக்குக் காத்திருந்தது நினைவிருக்கிறது.

"ஏம்மா, வீடு வாசல் இல்லாத மாதிரி ரோட்டுல தூங்கறே?"

அத்தை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து புடவையைத் தட்டினேன். "நீங்கதானே மொதல்ல தூங்கினீங்க?"

"நான் வண்டியில தூங்கினேன். பாத்தியா மாசிலாமணி, காலேஜு டீச்சரு."

"பாத்தேம்மா. கொறட்டை வேற" என்றார் அவர்.

பிறந்த வீட்டுத் தெருவைப் பார்க்கச் சுற்றி வந்ததில் மத்தியானமாகிவிட்டது, வெயில் தாழட்டும் என்று நின்றோம் என்றார் அத்தை. எனக்குக் கோபம் அப்போதுதான் வந்தது. "மீன் வாங்கப் போனதுக்கே இப்படி. நான் பட்டணத்துல இருக்கும்போது வழியில மயக்கம் வந்தா? விழுந்தா?"

"விழுந்தா விழறேன். அங்க அந்த நாற்காலியில இருந்தும் ஒரு நாள் விழத்தான் போறேன். விழாம இருக்கறதுக்கா சோறு திங்கறேன்?" குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். கூடையை மடியில் சரிசெய்துகொண்டு, "என்னைப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல சரோஜா. உனக்குக் காலேஜு விட்டா வீடு. வீட்டுல நான். நான் போயிட்டா நீ யாரை அதட்டுவே? அதுக்குத்தான் இத்தன நாளு உக்காந்திருந்தேன்" என்றார்.

நான் அவருக்காக இருப்பதாக நினைத்திருந்தேன்.

"சரி, ஏறு. மீனு நாறுது."

வீட்டில் தனபாக்கியம் கூடையைத் திறந்து, முகத்தைச் சுளித்தார். "கமலம், இது நேத்து செத்துதா, முந்தாநாளா? எவ குடுத்தா இதை?"

"காலையில துள்ளிச்சி" என்றார் அத்தை.

"உன் கண்ணுக்குத் துள்ளியிருக்கும். நாளைக்கி செவுளைத் தொறந்து பாத்து வாங்கு."

"நாளைக்கி அவகிட்டயே வாங்க மாட்டேன்" என்றார் அத்தை. லூர்தம்மாள் மறுநாள் மார்க்கெட்டுக்கான காசை எண்ணி அத்தையின் கையில் வைத்தார். சம்மதம் என்பது அவ்வளவுதான். மீனைப் பூனை தின்றது. நாங்கள் ரசம் சாப்பிட்டோம்.

நாலாம் நாள் நான் மட்டும் திரும்பினேன். ஆள் வைத்து முற்றத்துப் படிக்குக் கம்பி போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். அதற்கு லூர்தம்மாள் விட்டுக்கொடுத்தார். குளியலறைக்குச் சொரசொரப்பான கல் பதிக்கவும் சம்மதித்தார். அம்மாவை அங்கே விட்டு வந்ததற்காக என் நாத்தனார் இன்னும் என்னோடு பேசவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அந்த வீடு எல்லோருக்கும் ஏற்றது என்றும் சொல்ல மாட்டேன். படுத்த படுக்கையாக இருப்பவரை அங்கே பார்த்துக்கொள்ள முடியாது. அந்த நாள் வந்தால் அத்தையை நான்தான் அழைத்து வர வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். எட்டு மணி நேரக் கணக்கு இப்போதும் சில ராத்திரிகளில் என் மனத்தில் ஓடுகிறது.

போகிறவர்கள் தை, மாசியில் போங்கள். சித்திரை வெயில் வயதானவர்களுக்கு ஆகாது. பெரியவருக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டு அறிய முடியாது. மூன்று நாளாவது தங்கவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் அவர் யாரோடாவது சண்டை போடுகிறாரா என்று பாருங்கள். மருந்துகளைச் சென்னையிலேயே வாங்கிக்கொள்வது நல்லது.

முக்கியமாக, அவரைப் பார்க்கப் போகுமுன் ஒரு கார்டு போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். மாசி மாதம் ஒரு சனிக்கிழமை நான் சொல்லாமல் போய் நின்றேன். மூவரும் நல்ல புடவை கட்டி வாசலில் நின்றிருந்தார்கள்.

"இன்னைக்கா வந்தே?" என்றார் அத்தை. "மூணு மணி ஆட்டத்துக்குக் கெளம்பிட்டோமே. மூணு டிக்கெட்டுதான் சொல்லி வெச்சிருக்கோம்."

சாவியை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கியவர், தெருவில் நாலடி போய்த் திரும்பினார். "அடுப்படியில சின்ன வெங்காயம் எடுத்து வெச்சிருக்கேன், உரிச்சி வை. ராத்திரி நீயும் இருப்பேல்ல? இன்னும் ரெண்டு கை சேத்துக்க."

கூடையிலிருந்து இரண்டு கை எடுத்துச் சேர்த்துக்கொண்டு, முற்றத்துப் படியில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன்.