முப்பத்தொன்று என்றால் சரி என்று நினைத்தேன்

"ஏம்மா, பிளேட்லெட் பதினெட்டாயிரந்தான்னு போட்டிருக்கு. நான் ரெட்டியார்சத்திரத்துலருந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தவன். நல்லாப் பாரு."

திண்டுக்கல்லில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில், போன மழைக்காலத்தில் ஒரு மதியம், பெரியவர் ஒருவர் ரிப்போர்ட்டை நீட்டினார். சாம்பிள் எண் 40726138. என் கைப்பையில் மகள் ஜெனியின் ரிப்போர்ட் இருந்தது. எண் 40726183. காய்ச்சலில் கிடந்தவளுக்கு இரண்டு லட்சம் என்று வந்ததால், பயமில்லை என்று வீட்டிலேயே விட்டிருந்தேன்.

ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தேன். 45. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகவே வரும். எண்களோடு புழங்குகிறவர்களுக்கு இது தெரியும். இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு மெஷின் பக்கம் ஓடினேன்.

தப்பு என்னுடையது. அன்று பார்கோடு ரீடர் வேலை செய்யவில்லை. மெஷின் பக்கமிருந்து, என்னோடு வேலை பார்க்கும் ஸ்டெல்லா எண்ணையும் ரிசல்ட்டையும் வாசிக்க, நான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். திரையில் பெயர் வராது. சரிபார்க்க, ஆளுக்கு ஒரு முறை இலக்கங்களைக் கூட்டிச் சொல்வது எங்கள் வழக்கம்.

"முப்பத்தொண்ணுக்கா."

"முப்பத்தொண்ணு. அடுத்தது வாசி."

கடைசி 38-ஐ 83 என்று தட்டியிருக்கிறேன். பிறகு உண்மையான 83 வந்தபோது, அதற்கு ஏற்கெனவே ரிசல்ட் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் தடுத்தது. 38 காலியாக இருந்தது. அதைக் கூட்டினாலும் முப்பத்தொன்று. ஸ்டெல்லா மாற்றி வாசித்துவிட்டாள் என்று நினைத்து அதில் ஏற்றிவிட்டேன்.

ஸ்டெல்லா இரண்டு ட்யூபையும் மறுபடி மெஷினில் ஓட்டினாள். பதினெட்டாயிரம் ஜெனிக்குத்தான்.

"அக்கா, நீங்க ஓடுங்க. பெரியவர்ட்ட நான் சொல்லிக்கிறேன்."

ஆஸ்பத்திரியில் நான்காம் நாள்தான் பிளேட்லெட் ஏறத் தொடங்கியது. ஏழாம் வகுப்பு படிக்கிற ஜெனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. பேனா கேட்டாள்.

"ஒண்ணு ரெட்டைப்படை, ஒண்ணு ஒத்தைப்படை. ஆனா ஒம்பதால வகுத்தா ரெண்டுக்குமே மீதி நாலு! கூட்டுனா எது எங்க நிக்கிதுன்னே தெரியாதேம்மா. இம்புட்டு நாளா ரெண்டு பேரும் இதையா நம்பிக்கிட்டிருந்தீங்க?"

பிறகு ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டினாள். பெரியவரின் எண்ணுக்கு 20, 11. அவளுடையதற்கு 25, 6. இப்போது லேபில் நாங்கள் இரண்டு கூட்டுத்தொகை சொல்கிறோம்.

"அப்ப, ஒரு எடம் தள்ளி மாறிப்போனா?" என்றாள். போட்டுப் பார்த்தேன். அதையும் இந்த முறை பிடிக்காது. அதிலிருந்து எந்த எண்ணைப் பார்த்தாலும், எது மாறினால் எது மாறாது என்று மனம் தேடுகிறது. பஸ் டிக்கெட்டைக்கூட விடுவதில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கூட்டுத்தொகை ஒத்து வராவிட்டால் எண் தப்பு. ஒத்து வந்தால் சரி என்று ஆகிவிடாது. கம்ப்யூட்டர் தடுத்தால் எழுந்து போய் ட்யூபைப் பாருங்கள். அன்று என் மகளின் ட்யூப் என் நாற்காலியிலிருந்து ஆறடி தூரத்தில்தான் இருந்தது.