முக்குளிப்பானும் பாட்டில் சாரும்

ஃபார்மலின் வாடை பட்டால் எனக்கு இன்றைக்கும் குமட்டும். ஆஸ்பத்திரியில் ஏதோ பார்த்துப் பயந்தவள் என்று நினைக்காதீர்கள். ஒரு வாத்தியார்தான் காரணம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செம்பாக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். தாம்பரம் பக்கத்து ஆசிரியர்களுக்கு வனவிலங்குப் பாதுகாப்பைப் பற்றிப் பயிற்சி கொடுக்க வேண்டும், அவர்கள் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. நடத்தும் வேலையை என் தலையில் கட்டினார்கள். ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்து டீச்சர், கொக்கு நாரையெல்லாம் தெரிந்திருக்கும் என்று மேலே இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்கும் ஆசைதான், மறைப்பானேன்.

அந்த ஆசைக்குக் காரணம் என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். அந்த வருஷம் மழை ஓய்ந்ததும் ஏரியின் கோரைப் புதருக்குள் ஒரு முக்குளிப்பான் கூடு கட்டியிருந்தது. முக்குளிப்பான் என்றால் குட்டி வாத்து மாதிரி இருக்கும். பார்த்துக்கொண்டே இருக்கையில் முங்கிவிடும், வேறெங்கோ போய்த் தலையைத் தூக்கும். கூடு தண்ணீரில் மிதக்கும். இரைக்குப் போகும்போது முட்டைகள் மேல் பாசியைப் போட்டு மூடிவிட்டுப் போகும். கிட்டே போகக் கூடாது, கரையில் நின்றே பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் தாங்களாகவே சட்டம் போட்டிருந்தார்கள். குஞ்சு பொரிந்த அன்று எனக்கு வகுப்பே ஓடவில்லை. கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட குஞ்சுகள், தாயின் முதுகில் ஏறிச் சவாரி. அவை தாமாகவே முங்கி மீன் பிடிப்பதைப் பார்த்துவிட வேண்டும், பிள்ளைகளுக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

குஞ்சு பொரிந்த வாரமே சனி, ஞாயிறு பயிற்சி. "வனவிலங்குகளைப் பாதுகாப்போம்" என்று பேனர் கட்டியாயிற்று. வந்தவர்களைப் பற்றி என்ன சொல்ல? ஒரு அம்மாள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். தாம்பரம் வெயிலில் யாருக்கு ஸ்வெட்டரோ! "சர்டிபிகேட் இன்னிக்கே கிடைச்சிடுமா டீச்சர்?" என்று ஒருவர். "தாம்பரத்துல புலியா இருக்கு, பாதுகாக்க?" என்று இன்னொருவர், அதற்கு ஒரு பெரிய சிரிப்பு. சாயங்காலம் எல்லோரையும் ஏரிக்கு அழைத்துப் போனேன். என் பிள்ளைகளையும் வரச் சொல்லியிருந்தேன். அவர்கள்தான் பெருமை தாங்காமல் கூட்டைக் காட்டி விளக்கினார்கள். வாத்தியார்கள் கரையில் உட்கார்ந்து புளிசாதம் தின்றார்கள். தின்று முடித்துப் பொட்டலத்தைச் சுருட்டி ஏரியிலேயே வீசினார்கள். சீ, இதுவும் ஒரு ஜன்மமா என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது.

ஒருவர் மட்டும் கேள்வி கேட்டார். குரோம்பேட்டையில் ஒரு உயர்நிலைப் பள்ளியின் உயிரியல் வாத்தியார், கண்ணாடி போட்டவர். அவருடைய ஆய்வுக்கூடத்தில் பாம்பு, தேள், ஓணான் எல்லாம் கண்ணாடி ஜாடிகளில் இருக்கும். அதனால் அவருக்குப் பாட்டில் சார் என்று பெயர். குஞ்சுகள் எப்போது கூட்டுக்குத் திரும்பும், எந்த நேரம் தாய் பக்கத்தில் இருக்காது என்று என் பிள்ளைகளிடம் குடைந்து குடைந்து கேட்டார். ஒருத்தராவது தேறினாரே என்று எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

அடுத்த வாரம் பிள்ளைகள் அழுதுகொண்டு வந்தார்கள். கூடு பிய்ந்து கிடந்தது. குஞ்சுகள் இல்லை. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்தான் சொன்னாள்: "அன்னிக்கு உங்ககூட வந்தாரே, கண்ணாடி போட்ட வாத்தியாரு, அவருதான் டீச்சரம்மா. நாலு பசங்கள கூட்டியாந்து தண்ணில எறக்கிவுட்டு புட்சிகினு பூட்டாரு. தாயி சுத்திச் சுத்தி வந்து கத்திகினே கெடந்துச்சு. பாக்கவே பேஜாரா பூட்ச்சு."

அன்று மாலையே பஸ் பிடித்துக் குரோம்பேட்டைக்குப் போனேன். ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததுமே வாடை மூக்கில் ஏறியது. ஜாடி மேசை மேல் இருந்தது. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு, அலகு திறந்தபடி. வெள்ளைக் கோடுகூட அழியவில்லை. "பாதுகாக்கப்பட்ட முக்குளிப்பான் குஞ்சுகள், செம்பாக்கம் ஏரி" என்று முத்து முத்தான எழுத்தில் லேபிள்.

"வாங்க டீச்சர், உங்களுக்குத்தான் முதல்ல காட்டணும்னு இருந்தேன்" என்றார் பாட்டில் சார்.

"என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க?"

"பாதுகாத்துட்டேன்" என்றார்.

கிண்டல் இல்லை. அந்த மனுஷன் உண்மையாகத்தான் சொன்னார். காலம் காலமாக ஆய்வுக்கூடத்தில் அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம். தவளையைக் கொன்று ஃபார்மலினில் போட்டால் அது பாதுகாத்தல்.

"ஏரியில விட்டா பருந்து தூக்கிடும் டீச்சர், பாம்பு முழுங்கிடும். இதுல பத்து வருஷம் ஆனாலும் ஒண்ணும் ஆகாது."

"உசுரோட இருக்கணும் சார்! அதுக்குப் பேருதான் பாதுகாப்பு!"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு நாள் கிளாஸ்ல அதை நீங்க சொல்லவே இல்லையே டீச்சர்" என்றார்.

உயிரோடு என்று ஒரு வாத்தியாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா? வெளியே வந்து பள்ளிச் சுவரோரம் வாந்தி எடுத்தேன். கல்வி அதிகாரியிடம் புகார் சொன்னேன். அவர் நேரில் போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டு, "நல்ல முயற்சிதானேம்மா, மத்த ஸ்கூலும் இதே மாதிரி செய்யலாமே" என்றார். தூ! அதற்குப் பிறகு பயிற்சி நடத்த என்னைக் கூப்பிட்டபோதெல்லாம் முடியாது என்று சொல்லிவிட்டேன். பயிற்சி நிற்கவில்லை. வேறு யாரோ நடத்தினார்கள், வேறு யாரோ புளிசாதம் தின்றார்கள்.

பிள்ளைகளிடம் நான் ஒன்றையும் மறைக்கவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன்.

அடுத்த வருஷம் மழை ஓய்ந்த சமயம். அதே பிள்ளைகள் இப்போது எட்டாம் வகுப்பு. ஒரு நாள் நான் உள்ளே நுழையும்போது, "ரெண்டு குஞ்சு முதுகுல ஏறிடுச்சுடி, ஒண்ணு மட்டும் வழுக்கி விழுது" என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

"மறுபடியும் கூடு கட்டியிருக்கா? எங்கடி?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அந்தப் பெண்தான் எழுந்து நின்றாள். மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"சொல்ல மாட்டோம் டீச்சர்."

"ஏண்டி?"

"நீங்களும் டீச்சர்தானே" என்றாள்.