காயாத விரல்

என் அக்காவின் கணவர் தையல்காரர். சட்டை இறுக்கிப் பிடிக்கிறது என்று யாராவது திரும்பி வந்தால், "துணி அப்படியேதாங்க இருக்கு, நீங்கதான் ஒரு சுத்து ஏறிட்டீங்க" என்பார். வந்தவர் சிரித்துவிடுவார். அத்தான் பிரித்துத் தைத்தும் கொடுப்பார். பட்டன் கட்டுவதும் ஓரம் மடித்துத் தைப்பதும் என் வேலை.

போன மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. அடைத்திருந்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை வைத்தார்கள். டாக்டர் அக்காவிடம் சொன்னதை நான் பின்னால் நின்று கேட்டேன். வலை வைத்த இடத்தில் உள்சுவர் காயப்பட்டிருக்கும். வெட்டுப்பட்ட விரலில் உறைவதுபோல ரத்தம் அங்கேயும் உறைந்து காயத்தை மூடப் பார்க்கும். விரலுக்கு அது நல்லது. இதயக் குழாயிலோ வழியே அடைபட்டுவிடும். சுவரில் புதுத்தோல் படரும்வரை, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நிறுத்தவே கூடாது.

அதன் பிறகு ஊசி குத்தினால் அவர் விரல் லேசில் காயாது, கசிந்துகொண்டே இருக்கும். ஒரு நர்ஸம்மாவின் வெள்ளைச் சீருடையில், காலரிலேயே கறை பட்டுவிட்டது.

"டெய்லரே, ரத்தம் எடுக்கிறது என் வேலையாச்சே!" என்று அவர் சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை. புதுத்துணி வாங்கித் தைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து கடையில் பேச்சு குறைந்தது.

சில வாரம் கழித்து ஒரு காலையில் மறுபடி அவர் விரலில் ஊசி ஏறியது. நான் பஞ்சை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. விரலைத் துடைத்தார். கசியவில்லை. அதே கையால் வெள்ளைத் துணியை எடுத்தார்.

"அத்தான், மாத்திரை போடுறீங்களா?"

மிஷின் நின்றது. "வாயில்லாப் பூச்சி கேள்வியெல்லாம் கேக்குது!"

"விரல் உடனே காஞ்சிடுச்சே."

"காயட்டுமே. கறை பட்ட துணிய யாரு வாங்குவா?"

"உள்ள இருக்கிற காயமும் இப்படித்தானே மூடிக்கும்?"

விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, "உங்கக்காவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவா" என்றார்.

"உரிக்கிறதுக்கு நீங்க இருக்கணும்ல. கெளம்புங்க, டாக்டரப் பாத்துட்டு வந்துடலாம். வெள்ளைத் துணியெல்லாம் இனிமே எங்கிட்ட தள்ளுங்க."

பட்டப்பகலில் கடையைப் பூட்டினோம்.

நர்ஸம்மாவின் அடுத்த சீருடையை நான்தான் தைத்தேன். போட்டுப் பார்த்தவர் காலர் கோணல் என்றார். நான் பிரிப்பதற்குக் கத்தரியை எடுத்தேன்.

கறுப்புத் துணியும் விரலில் பஞ்சுமாக இருந்த அத்தான் நிமிர்ந்தார். "காலர் நேராத்தாம்மா இருக்கு. கழுத்தைக் கொஞ்சம் நிமித்துங்க."