பக்கத்து வீட்டுக் காபி

சென்ற வருடம் தை மாதம், ஒரு காலை நேரம். மீனம்பாக்கம் உள்நாட்டு விமான நிலையத்தில் தூத்துக்குடி விமானத்துக்காகக் காத்திருந்தேன். அங்கே ஒரு சின்னக் காபிக் கடை, அதன் முன்னால் சில நாற்காலிகள். விமானம் தாமதம் என்று வேறு சொல்லிவிட்டார்கள்.

ஊரில் என் அண்ணன் இறந்துவிட்டார். ஒரே ஒரு டிக்கெட்தான் கிடைத்தது. தி.நகரில் இருக்கும் எங்கள் ஜவுளிக் கடையை அடைத்துவிட்டு, கணவர் பிள்ளைகளோடு காரில் கிளம்பிவிட்டார். "சாயங்காலம் எடுத்துருவாவ, வெரசா வந்துரு" என்று மதினி போனில் அழுதாள். கடைசியாக ஒரு தடவை அண்ணன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

எங்கள் பக்கத்தில் பிணம் எடுக்கும்வரை அடுப்பு எரியாது. ரத்த சொந்தம் வாய் நனைக்காது. நானும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வைராக்கியமாக உட்கார்ந்திருந்தேன். ஆனால் என் சர்க்கரை வியாதிக்குச் சம்பிரதாயம் தெரியுமா? காலையில் மாத்திரையை விழுங்கிய பிறகுதான் செய்தியே வந்தது. சாப்பிடாததால் சர்க்கரை இறங்கி, கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது.

பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா. சைதாப்பேட்டைக்காரர். மகளின் வளைகாப்புக்குப் போகிறாராம். மருமகன் டிக்கெட் போட்டுக் கொடுத்தாராம். கண்ணாடி வளையல் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தார்.

"தலைச்சம்புள்ளமா" என்று பூரித்தவர், "நீ இன்னா விசேஷத்துக்குப் போற?" என்று கேட்டார். எழுந்து ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். அவரும் பின்னாலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க நல்ல காரியத்துக்குப் போறீங்க. நான் என் அண்ணன் சாவுக்குப் போறேன். கிட்ட வராதீங்கம்மா" என்றேன்.

அவர் என் நடுங்கும் கையையே பார்த்தார். "சுகரா?" என்றார். தலையாட்டினேன். எழுந்து போய்விட்டார். அதுவும் நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் காபியும் பன்னுமாக வந்து நின்றார். நான் வேண்டாம் என்றேன். நான் கொடாக்கண்டி என்றால் அவர் விடாக்கண்டி!

"துக்க வூட்ல அடுப்புதாம்மா எரியக் கூடாது. பக்கத்து வூட்டுல காபி குட்தா குடிப்பாங்கல்ல? இப்ப நான்தான் உனக்குப் பக்கத்து வூடு. மயங்கி வுயுந்துட்டீன்னா பிளேன்ல ஏத்த மாட்டாங்க. அண்ணன் மொகத்தப் பாக்க வாணாமா?"

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வெடித்தது. வளையல் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் தோளை அணைத்துக்கொண்டார். அழுதுகொண்டே காபியைக் குடித்தேன். பன்னை அவரே பிட்டுப் பிட்டுக் கொடுத்தார். நடுக்கம் மெல்ல அடங்கியது.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அண்ணன் முகத்தைக் கண்ணாரப் பார்த்தேன். அழுது ஓய்ந்தபோது, அடுத்த வீட்டு அக்கா தூக்குவாளியோடு வந்து ஒரு டம்ளர் காபியை நீட்டினார்.

"பக்கத்து வீட்டுல குடிச்சிட்டுத்தான்க்கா வந்தேன்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்தக் காபி இல்லாவிட்டால் அண்ணன் முகம் எனக்குக் கிடைத்திருக்காது. இன்றைக்கும் எங்கே போய் உட்கார்ந்தாலும், பக்கத்து நாற்காலியில் இருப்பவரை என் பக்கத்து வீடாகத்தான் பார்க்கிறேன்.