சித்தப்பாவின் ஐந்து பலூன்கள்

சித்தப்பாவின் கத்திக்கு முதல் பலி எங்கள் பள்ளித் தலைமையாசிரியர். அவரைத் தொடர்ந்து கணக்கு வாத்தியார், எதிர்வீட்டுக்காரர், இன்னும் இருவர். ஒரே காலையில் ஐந்து பேர். பதற வேண்டாம், ஐந்தும் பலூன்கள். ஊதி முகம் வரைந்தது நான்.

கீழே கடை, மேலே வீடு என்று எங்கள் குடும்பத்துக்கு இரண்டு கடைகள். ஒன்று சித்தப்பாவின் சலூன். இன்னொன்று அப்பாவின் சாவிக்கடை. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கைக்குட்டை தேடுவார்கள்.

ஒரு நாள் காலை பல் தேய்க்கும்போது சித்தப்பாவின் கையிலிருந்து பிரஷ் நழுவியது. வாயும் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கால் சரியாகியிருந்தது, பேச்சு முக்கால்வாசி வந்திருந்தது. வலது கை மட்டும் நடுங்கியது. வாடிக்கையாளர்கள் எல்லாரும் பாசமானவர்கள். வந்து பார்த்தார்கள், பழம் கொடுத்தார்கள், முனைக்கடையில் போய் முகம் மழித்துக்கொண்டார்கள். பாசம் வேறு, கழுத்து வேறு.

சட்டையில் ஏழு பொத்தான். ஏழையும் சித்திதான் போட்டுவிடுவாள். அந்த நேரத்தில் சித்தப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான்கு மாதம் ஷட்டர் ஏறவில்லை. பிறகு ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஏய் வாலு, ஒரு பாக்கெட் பலூன் வாங்கிட்டு வா."

"யாருக்குப் பொறந்த நாள் சித்தப்பா?"

"என் கைக்கு."

அவர் ஊதினால் கோணிய உதடு வழியாகக் காற்று ஓடிவிடும். அதனால் ஊதும் வேலை எனக்கு. பள்ளிக்கூடமும் நானும் பத்தாம் வகுப்போடு பிரிந்துவிட்டதால் எனக்கு நேரம் நிறைய இருந்தது. ஊதிய பலூனை நாற்காலியின் தலைப்பலகையில் கட்டுவேன். அவர் நுரை தடவி, கத்தியை வைத்து இழுப்பார். இரண்டு அங்குலம் போகும். டப்! வாத்தியார் காலி. கண்ணாடி, கூரை, என் மூக்கு எங்கும் நுரை.

அவருடைய சட்டம் எளிமையானது. காலை ஆறு மணிக்கு ஐந்து பலூன். ஆறாவது கிடையாது, நான்கோடு நிறுத்துவதும் கிடையாது. வெடித்த துண்டுகளை அவரேதான் பொறுக்குவார். நான் துடைப்பத்தை எடுத்தால் முறைப்பார். குனிந்து, நடுங்கும் விரல்களால் தரையிலிருந்து ஒவ்வொரு துண்டாகக் கிள்ளியெடுத்து டப்பாவில் போட அரைமணி நேரம் ஆகும். எனக்குக் கொட்டாவி வரும்.

அப்பா பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சாவி தேய்த்துக்கொண்டே சத்தத்தை எண்ணுவார்.

"என்ன தம்பி, இன்னைக்கும் அஞ்சும் அவுட்டா?"

"நீ உன் சாவியைப் பாருண்ணே."

"சும்மா சொல்லலை. பத்து நாள் சேர்ந்தாப்ல சத்தமே வரக்கூடாது. அப்புறம் முதல் கழுத்து என்னோடது."

அப்பா அதுவரை தாடி எடுக்கவில்லை. கேட்டால் நேரமில்லை என்பார். முனைக்கடை முப்பது அடி தூரம்.

இரண்டாம் மாதம் ஐந்து சத்தம் நான்காகியது. பிறகு மூன்று. சித்தப்பா கீழ்ப் பொத்தான்கள் இரண்டைத் தானே போட்டுக்கொண்டார். சித்தி அதைப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டு, சமையலறையில் போய்க் கண்ணைத் துடைத்தாள்.

அதோடு நின்றுவிட்டது. மூன்று வாரமாக அதே மூன்று சத்தம். ஒரு சாயங்காலம் மாடிப்படியில் வந்தபோது சித்தப்பா சித்தியிடம் பேசுவது காதில் விழுந்தது.

"செல்போன் கடை வைக்க இடம் கேக்குறாங்க. குடுத்துடலாமா?"

நான் சத்தமில்லாமல் படியிறங்கிவிட்டேன்.

மறுநாள் ஃபேன்சி ஸ்டோருக்குப் போய் கடைக்காரரிடம், "லேசுல வெடிக்காத பலூன் இருக்கா?" என்று கேட்டேன்.

"இந்தா, கெட்டி ரகம். ஊசியால குத்துனாகூட யோசிச்சுத்தான் வெடிக்கும்."

அதே சிவப்பு, அதே அளவு. ஊதக் கன்னம் வலித்தது. பரவாயில்லை என்றிருந்தேன்.

அன்று காலை ஒரே ஒரு சத்தம். அடுத்த நாள் அதுவும் இல்லை. சித்தப்பா முழுசாக மழித்த பலூனைக் கையில் தூக்கிக்கொண்டு, கைக்குழந்தையைக் காட்டுவது போல எல்லாரிடமும் காட்டினார். செல்போன்காரருக்கு இடம் இல்லை என்று சொல்லிவிட்டார். நான் பெரிய சாதனைக்காரி மாதிரி நடந்தேன்.

பத்தாவது நாள் அப்பா பலகைச் சுவரைத் தட்டினார். "வரேன்டா தம்பி, கத்தியைத் தீட்டு."

அப்பா நாற்காலியில் சாய்ந்தார். சித்தப்பா நுரை தடவினார். புதுச் சட்டை போட்டிருந்தார். கீழே இரண்டு பொத்தான் போட்டிருந்தார். மீதி ஐந்தும் திறந்து கிடந்தன. அன்று சித்தி போட்டுவிட வந்தபோது வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும், பிறகு முடியாமல் விட்டிருக்க வேண்டும்.

அந்தப் பொத்தான்களைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. பத்து நாளாகப் பலூன் வெடிக்கவில்லை. வெடிக்காததால் துண்டு இல்லை. துண்டு இல்லாததால் குனிந்து பொறுக்கவில்லை. நான் கொட்டாவி விட்ட அந்த அரைமணி நேரத்தில்தான் விரல்களுக்கு உயிர் வந்துகொண்டிருந்தது. சத்தத்தோடு சேர்த்து அதையும் நிறுத்திவிட்டேன்.

கத்தி அப்பாவின் தாடைக்குக் கீழே வந்தது. நுனி நடுங்கியது.

"சித்தப்பா, நிறுத்துங்க! பலூன் நான் மாத்திட்டேன்!"

அப்பா ஒரு கண்ணைத் திறந்தார். "என்ன சொன்னே?"

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். சித்தப்பா மேசையிலிருந்த பலூன் ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தார். திட்டவில்லை, அடிக்கவில்லை. துவாலையை எடுத்து அப்பாவின் முகத்தை மெதுவாகத் துடைத்தார்.

"எந்திரிண்ணே."

படியேறிப் போய்விட்டார். எனக்கு அறை விழுந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

இரண்டு நாள் ஷட்டர் மூடியே இருந்தது. அப்பா என்னோடு பேசவில்லை. காது குடையும் குச்சியைக் காதில் வைத்துக்கொண்டு, நான் பேசினால் கேட்காத மாதிரி நடித்தார். மூன்றாம் நாள் விடியும் முன் சாவிக்கடையிலிருந்து மாற்றுச்சாவியை எடுத்து சலூனைத் திறந்தேன். மெல்லிய பலூன்கள் ஐந்தை ஊதினேன். முதல் பலூனில் என் முகத்தையே வரைந்தேன். இரட்டைச் சடை, தெத்துப்பல், எதையும் விடவில்லை. நாற்காலியில் கட்டிவிட்டுக் கதவோரம் நின்றேன்.

ஆறு மணிக்குச் செருப்புச் சத்தம். சித்தப்பா வந்தார். பலூனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நுரை தடவினார், தேவைக்கு மேலேயே தடவினார். கத்தியை வைத்தார்.

டப்!

"அப்பாடா! ரெண்டு நாளா இதுக்குத்தான் கை துடிச்சுது" என்றார்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அப்பாவின் குரல். "ஒண்ணு!"

சித்தப்பா குனிந்து துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். நான் கொட்டாவி விடவில்லை.

அதன் பிறகு ஏழு மாதம். காய்ச்சலடித்த நாளும் ஐந்து, மழை கொட்டிய நாளும் ஐந்து. மூன்றாவது பொத்தான், நான்காவது, ஐந்தாவது, ஆறாவது. கழுத்துப் பொத்தான்தான் கடைசிவரை வம்பு செய்தது. அதையும் அவரே போட்ட வாரம் ஒரு காலையில் சத்தமே வரவில்லை. சாவி தேய்க்கும் மெஷினை நிறுத்திவிட்டு அப்பா ஓடிவந்தார், தம்பி மறுபடி விழுந்துவிட்டானோ என்று. சித்தப்பா ஐந்து பலூன்களுக்கு நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அப்பா என்னை நம்பாமல் ஒரு பலூனைச் சாவியால் லேசாகக் குத்தினார். டப்! அசல் சரக்கு.

பத்து நாள் ஒழுங்காக எண்ணி, பதினோராம் நாள் வந்து உட்கார்ந்தார். நாற்காலிக் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அண்ணே, பலூன் இவ்வளவு ஆடாது."

"பலூனுக்குப் பொண்டாட்டி புள்ளை கிடையாதுடா."

"பேசவும் பேசாது. வாயை மூடு."

ஒரு வருடத்துக்கு மேல் வளர்ந்த தாடி மடியில் விழுந்தது. அப்பா கன்னத்தைத் தடவிக்கொண்டே வெளியே போய்த் தெருவின் இரண்டு முனைக்கும் ஒரு தடவை நடந்துவிட்டு வந்தார். சாயங்காலத்துக்குள் வரிசையில் மூன்று பேர்.

பெரிய வேலை வேறு வழியில் வந்தது. எழுந்து உட்கார முடியாத தன் தகப்பனாருக்கு வீட்டுக்கு வந்து மழித்துவிட முடியுமா என்று ஒரு பெண் கேட்டாள். தொங்கிப்போன கன்னத்தை எப்படிப் பிடிக்க வேண்டும், நடுங்கும் தலைக்கு எப்படிக் கையணை கொடுக்க வேண்டும் என்பது சித்தப்பாவுக்குத்தான் தெரியும். அந்த ஒரு வீடு நாற்பது வீடானது. இப்போது சலூனில் மூன்று நாற்காலி, இரண்டு ஆட்கள். அவர்களும் காலையில் ஐந்து பலூன் மழித்த பிறகுதான் மனித முகத்தைத் தொட வேண்டும். ஊதுவது இன்னமும் நான்தான். கன்னம் இரண்டும் பன் மாதிரி ஆகிவிட்டது.

இப்போதெல்லாம் சித்தப்பாவின் பலூன் வெடிப்பதில்லை. ஆனாலும் தினமும் ஐந்தாவதை மழித்து முடித்ததும் கத்தி நுனியால் அவரே ஒரு குத்து குத்துகிறார். டப்! பிறகு குனிந்து, ஒவ்வொரு துண்டாகப் பொறுக்குகிறார்.

நேற்று அந்த ஐந்தாவது பலூனில் அன்று கடைக்கு இடம் கேட்ட செல்போன்காரரை வரைந்தேன். சித்தப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்ல மனுஷன், பாவம்" என்றார்.

அப்புறம் குத்தினார்.